ப்ரைமருக்கு வரைபடம் எதற்கு?

‘ப்ரைமர்’ படத்தைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இரண்டு விஷயங்கள் வந்து நிற்கும். ஒன்று, 7000 டாலர். இன்னொன்று, ஒரு வரைபடம். பச்சை, சிவப்பு, நீலம் என்று கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கும். நடுவில் ஆரன் 1, ஆரன் 2, ஆரன் 3 என்று பெயர் போட்டிருக்கும். பார்த்தால் பழைய வீட்டு வயரிங் மாதிரி இருக்கும். முதலாவதைச் சொல்கிறவர் “இவ்ளோ காசுல இப்படி ஒரு படமா!” என்று வாய் பிளப்பார். இரண்டாவதை அனுப்புகிறவர் “இதைப் பாத்துட்டு மறுபடி படத்தைப் பாருங்க பாஸ், எல்லாம் புரிஞ்சிடும்” என்பார். இருபது வருடங்களுக்கு மேலாக இந்தப் படத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் கல்ட் கூட்டம் இந்த இரண்டு கால்களில்தான் நிற்கிறது. இரண்டுமே படத்துக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கட்சி.

படம் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனவர் நேர்மையானவர். என் தகராறு முழுக்க ரசிகர்களோடுதான். ஒரு படத்தைக் கொல்வதற்கு வெறுப்பைவிடத் தப்பான அன்பு நன்றாக வேலை செய்யும்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். 2004-ஆம் ஆண்டு சண்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் உயரிய பரிசை வாங்கிய படம் இது. அறிவியல் சார்ந்த படங்களுக்கு அங்கே தரப்படும் ஸ்லோன் பரிசும் இதற்கே கிடைத்தது. எழுத்து, இயக்கம், தயாரிப்பு, படத்தொகுப்பு, இசை எல்லாம் ஷேன் கர்ரூத். இரண்டு முக்கியப் பாத்திரங்களில் ஒன்றான ஆரனாக நடித்ததும் அவரே. கணிதம் படித்தவர், மென்பொருள் வேலை பார்த்தவர், சினிமாப் பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில், டல்லஸ் பகுதியில், 16 எம்.எம். ஃபிலிமில் எடுத்தார். மொத்தம் 77 நிமிடம்.

கதையையும் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்துவிட்டால் கெட்டுப்போகிற படமில்லை இது. ஆரன், ஏப், ராபர்ட், ஃபிலிப் என்று நான்கு நண்பர்கள். பகலில் கம்பெனி வேலை. இரவில் ஆரன் வீட்டு கராஜில் சொந்தமாக எலக்ட்ரானிக் சாதனங்கள் செய்து தபாலில் விற்கிறார்கள். வெள்ளைச் சட்டையையும் டையையும்கூடக் கழற்றாமல் சால்டரிங் வைக்கிறார்கள். அடுத்து எதில் பணம் போடுவது என்று நான்கு பேருக்குள் இழுபறி. ஆரனும் ஏபும் ஒரு பொருளின் எடையைக் குறைக்கும் கருவி ஒன்றைச் செய்துபார்க்கிறார்கள். காரின் புகைக்குழாயிலிருந்து பல்லேடியம், வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து செம்புக் குழாய் என்று கிடைத்ததை எல்லாம் பிடுங்கிச் சேர்க்கிறார்கள். பேட்டரியை எடுத்த பிறகும் கருவி ஓடுகிறது. உள்ளே வைத்த பொருளின் மேல் பல வருடங்கள் ஆனால்தான் சேரக்கூடிய அளவுக்குப் பூஞ்சை படிகிறது. உள்ளே ஒரு கைக்கடிகாரத்தை வைக்கிறான் ஏப். வெளியே ஒரு நிமிடம் ஓடினால் உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிமிடங்கள் ஓடியிருக்கின்றன. எடையைக் குறைக்கப் போனவர்கள் காலத்தை மடக்கிவிட்டார்கள்.

ஆள் படுக்கிற அளவுக்குப் பெட்டி செய்கிறார்கள். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. ஆறு மணி நேரம் பின்னால் போக வேண்டுமானால் பெட்டிக்குள் ஆறு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். பெட்டியை ஓடவிட்ட நேரத்துக்கு முன்னால் போக முடியாது. டைனோசரைப் பார்க்கவோ ஹிட்லரைக் கொல்லவோ வழியில்லை. இவர்களும் அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஊருக்கு வெளியே ஹோட்டல் ரூமில் பகல் முழுக்க ஒளிந்திருக்கிறார்கள். எந்தப் பங்கு ஏறியது என்று பார்த்துக்கொள்கிறார்கள். பெட்டிக்குள் படுத்துக் காலைக்குத் திரும்பி வந்து அந்தப் பங்கை வாங்குகிறார்கள். மனித இனத்தின் மகத்தான கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டு இரண்டு பேர் டே டிரேடிங் பண்ணுகிறார்கள். இந்தச் சின்னத்தனம்தான் எனக்கு இந்தப் படத்தில் முதலில் பிடித்தது. நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

இதுவரை யாருக்கும் குழப்பமில்லை. இதற்குப் பிறகு ஆரன்கள் பெருகுகிறார்கள், ஏப்கள் பெருகுகிறார்கள், படம் யாருக்காகவும் நிற்காமல் ஓடுகிறது. வரைபடக்காரர்கள் பென்சிலைச் சீவுவது இங்கேதான்.

*

வழக்கமான அறிவியல் புனைவுப் படங்களில் ஒரு ஆள் இருப்பார். கண்ணாடி போட்ட பேராசிரியராகவோ, பலகையில் கோடு போடும் விஞ்ஞானியாகவோ வருவார். ஒரு காகிதத்தை மடித்து அதில் பென்சிலால் குத்துவார். கதாநாயகன் தலையாட்டுவான், நாமும் தலையாட்டுவோம். அந்த ஆள் உண்மையில் கதைக்குள் இருப்பவர் இல்லை, நமக்காக இயக்குநர் வாசலில் நிறுத்திவைத்த வரவேற்பாளர்.

‘ப்ரைமர்’ படத்தில் அவர் கிடையாது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடிக்கிறார். கலைச்சொற்கள் கொட்டுகின்றன, யாரும் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. தேவையில்லையே, அறையில் இருக்கும் எல்லாருக்கும் விஷயம் தெரியும். தெரியாதது நமக்கு மட்டும்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு அது. எல்லாரும் தமிழில்தான் பேசுவார்கள், ஒன்றும் புரியாது. புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோம்.

இது இயக்குநரின் திமிர் என்று ஒரு கட்சி சொல்கிறது. இதுதான் புதிர், வா உடைக்கலாம் என்று இன்னொரு கட்சி சட்டைக் கையை மடிக்கிறது. இரண்டு கட்சிக்கும் ஒரே நம்பிக்கைதான்: படம் நம்மிடமிருந்து எதையோ ஒளித்துவைத்திருக்கிறது. நான் கேட்பது வேறு. நம்மை வெளியே நிறுத்தியதால் நாம் யார் பக்கத்தில் போய் நிற்கிறோம் என்று பார்த்தீர்களா?

ராபர்ட், ஃபிலிப் பக்கத்தில்.

அந்த இரண்டு பேரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. எந்த வரைபடத்திலும் அவர்களுக்கென்று பெரிய கோடு இல்லை. ஆனால் முதல் காட்சியில் அந்த கராஜில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரின் ராத்திரிகளும் அங்கேதான் போயின, நான்கு பேரின் உழைப்பும் அங்கேதான் கிடந்தது. கருவி வேலை செய்கிறது என்று தெரிந்த நிமிடத்திலிருந்து இரண்டு பேருக்குக் கதவு சாத்தப்படுகிறது. சண்டையில்லை, துரோகம் என்று யாரும் கத்தவில்லை. “அவங்ககிட்ட இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்” என்கிற அளவில் ஒரு மௌன ஒப்பந்தம், அவ்வளவுதான். சேர்ந்து தொழில் தொடங்கிய எந்த நண்பர் கூட்டத்தைக் கேட்டாலும் இந்த ‘இப்போதைக்கு’ எப்போது வந்தது என்று சொல்வார்கள். பங்கு பிரிக்கும்போது வராது, அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடும்.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். இரண்டு பேராகிவிட்டார்கள். ஏப் இயந்திரத்தை ஆரனுக்குக் காட்டுவதற்கு முன்பே தனக்கென்று ரகசியமாக இன்னொரு பெட்டியை ஓடவிட்டு வைத்திருக்கிறான். ஏதாவது தப்பாகப் போனால் எல்லாவற்றுக்கும் முன்னால் போய் அழித்துவிடலாம் என்று ஒரு காப்புப் பெட்டி. நண்பனிடம் உலகத்தையே பகிர்ந்துகொள்ளும் அந்த நாளில், நண்பனை நம்பாமல் ஒன்றை ஒளித்துவைத்திருக்கிறான். ஆரன் அதைக் கண்டுபிடித்து, ஏபுக்குத் தெரியாமல் அதைப் பயன்படுத்திவிடுகிறான். திரும்பிப் போன ஆரன் முதலில் செய்வது என்ன? அந்தக் காலையில் ஏற்கெனவே இருக்கும் ஆரனுக்குப் பாலில் மயக்கமருந்து கலந்து கொடுத்துப் பரணில் கிடத்துகிறான். அவன் இடத்தில் இவன் உட்கார்கிறான். வீட்டில் பரணில் ஏதோ சத்தம் கேட்கிறது என்ற பேச்சு படத்தில் முன்பே வந்துபோகிறது. முதல்முறை பார்க்கும்போது எலி என்று நினைத்து நாம் கடந்துபோகிறோம்.

நான்கு பேர் இரண்டாகிறார்கள், இரண்டு ஒன்றாகிறது. அந்த ஒருவன் தன்னையே கட்டிப்போட்டுத் தன் வீட்டிலிருந்தே தன்னை வெளியேற்றுகிறான். படத்தின் உருவம் இது. இதைப் பார்க்க வண்ணப் பென்சில் தேவையில்லை. ரகசியம் வைத்துக்கொள்ளும் பழக்கம் ஒருமுறை தொடங்கினால் யார் இருக்கும்வரை போகும் என்ற கேள்விக்குக் காலப்பயணத்தைத் தவிர வேறு எந்தக் கதைக் கருவியும் இவ்வளவு துல்லியமாகப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இது அறிவியல் புனைவு.

*

இப்போது வரைபடத்துக்கு வருவோம்.

வரைபடம் எத்தனை ஆரன் என்று எண்ணிச் சொல்லும். எந்த ஆரன் எந்த மணிக்கு எந்தப் பெட்டியிலிருந்து வந்தான் என்று சொல்லும். சரி, எனக்கு அந்த பெஞ்ச் காட்சியை விளக்குங்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று காப்புப் பெட்டி வழியாக ஏப் திரும்பி வருகிறான். களைத்துப்போய், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆரன் முன்னால் வந்து நிற்கிறான். இது அவர்கள் ஏற்கெனவே பேசி முடித்த பேச்சு. ஏபின் நினைப்பில், எதிரே இருப்பவன் ஒன்றும் அறியாத பழைய நண்பன். ஆனால் ஆரனின் காதில் ஒரு கருவி இருக்கிறது. முன்பு நடந்த அதே உரையாடலின் பதிவு அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து ஏப் என்ன சொல்வான் என்று கேட்டுக்கொண்டே, தான் சொல்ல வேண்டியதை ஆரன் ஒப்பிக்கிறான். ஏப் அங்கேயே நிலைகுலைந்து விழுகிறான்.

இதைக் கோடாகப் போட்டால் ‘ஆரன் முந்திவிட்டான்’ என்று ஒரு அம்புக்குறி வரும். எனக்கோ அந்த இடத்தில் வயிற்றைப் பிசைகிறது. அடுத்து என்ன வார்த்தை வரும் என்று தெரியாமல் பேசுவதற்குத்தானே நட்பு என்று பேர். எதிரே இருப்பவன் நம் வார்த்தையை முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டு முகத்தில் ஆச்சரியம் காட்டுகிறான் என்று தெரிகிற நொடியில், இனி அவனோடு பேச ஒன்றுமில்லை. ஒரு ரத்தத்துளி இல்லாமல், பெஞ்சில் உட்கார்ந்தபடி, ஒரு கொலை.

அப்புறம் கிரேஞ்சர். ஏபின் தோழி ரேச்சலின் அப்பா, இவர்களுக்கு முதலீடு செய்யக்கூடும் என்று எதிர்பார்க்கப்படுபவர். ஒரு ராத்திரி தாடியோடு காருக்குள் உட்கார்ந்து இவர்களை நோட்டமிடுகிறார். ஆனால் அன்றைக்கு முகம் மழித்த கிரேஞ்சர் ஒருவர் வேறிடத்தில் இருக்கிறார். ஆக, இவர் பெட்டி வழியாக வந்தவர். பெட்டியைப் பற்றி அவருக்கு யார் சொன்னது? ஏன் சொன்னார்கள்? ஏப் நெருங்கினாலே அவர் ஏன் சுருண்டு விழுகிறார்? படம் பதில் சொல்வதில்லை. வரைபடக்காரர்கள் இங்கே ஆளுக்கொரு கோட்பாடு வைத்திருக்கிறார்கள், கேட்கச் சுவாரசியமாகவே இருக்கும். ஆனால் அந்தக் காட்சியில் ஆரனும் ஏபும் தவிக்கும் தவிப்பைப் பாருங்கள். கிரேஞ்சரிடம் சொல்லக்கூடியவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். “நான் சொல்லலை” என்பது இருவருக்கும் இன்றைய தேதிக்கு உண்மை. நாளை சொல்லப்போவது தானா அவனா என்று இருவருக்கும் தெரியாது. இன்னும் செய்யாத துரோகத்துக்காக ஒருவரை ஒருவர் சந்தேகிக்க வேண்டிய நிலை. நாம் பதிலைக் கண்டுபிடித்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டால் அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து நாம் தப்பிக்கிறோம். படமோ நம்மையும் அதே இருட்டில் நிறுத்தப் பார்க்கிறது.

2009-இல் ராண்டல் மன்ரோ தன் எக்ஸ்கேசிடி சித்திரத்தொடரில் சினிமாக் கதைகளைக் கோடுகளாக வரைந்து காட்டினார். பாத்திரங்கள் எங்கே சேர்கிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று காட்டும் வரைபடம். ஒரே அறையில் நடக்கும் ‘12 ஆங்ரி மென்’ படத்துக்கு நேர்நேராகக் கோடுகள் மட்டும். ‘ப்ரைமர்’ படத்துக்கு வெறும் கிறுக்கல் சிக்கல். சிரிப்புக்காகப் போட்டது, சரியான சிரிப்பு. ஆனால் ரசிகர்கள் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டு சிக்கெடுக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

“அப்போ இயக்குநர் கணக்குப் போடாமலா எழுதினார்? எல்லாம் உள்ளே ஒத்துப்போகுதே” என்று கேட்பீர்கள். போட்டிருப்பார். கணிதம் படித்த மனுஷன், போடாமல் இருப்பாரா? வீட்டுக்கு அஸ்திவாரம் இருக்கிறது என்பதற்காக விருந்துக்கு வந்த இடத்தில் கடப்பாரையைத் தேடுவோமா? படத்தைச் சொல்லும் குரலைக் கேளுங்கள். ஒரு ஆரன் தொலைபேசியில் பேசுகிற குரல் அது. அந்த விருந்தில் துப்பாக்கியோடு வந்தவனைத் தடுத்து ஆரன் வீரனான காட்சி எத்தனை முறை திரும்ப நடத்தப்பட்டது என்பது அந்தக் குரலுக்கே நிச்சயமாகத் தெரியாது. கதையைச் சொல்கிறவனுக்கே எண்ணிக்கை தவறிவிட்டது. நாம் உட்கார்ந்து எண்ணிச் சொல்லி யாருக்கு மார்க் வாங்கித்தரப் போகிறோம்?

என் சந்தேகம் இதுதான். வரைபடம் போடுகிறவருக்குப் படத்தைப் புரிந்துகொள்வதைவிட கராஜுக்குள் போவதில்தான் ஆசை. ராபர்ட்டாகவும் ஃபிலிப்பாகவும் வெளியே நிற்க அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. “எனக்குப் புரிஞ்சிடுச்சு, உனக்குப் புரியலையா?” என்று அடுத்தவரைக் கேட்கிற அந்தச் சுகம் இருக்கிறதே, அது ஆரனின் சுகம். எந்த நோயைப் பற்றிப் படம் எடுத்தாரோ அந்த நோய்க்கே ஒரு ரசிகர் மன்றம் தொடங்கிவிட்டோம்.

*

இனி 7000 டாலர்.

2004 கணக்கில் நம் பணத்தில் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். இந்த எண்ணைச் சொல்லிச் சொல்லியே குறும்படம் எடுக்கும் பையன்களையும் பெண்களையும் நோகடிக்கிறார்கள். “அவன் ஏழாயிரத்துல எடுத்தான், உனக்கு என்ன கேடு?” இதே எண் இதற்கு முன்பும் ஒருமுறை கதையாகச் சுற்றியது. 1992-இல் வந்த ராபர்ட் ரோட்ரிகஸின் ‘எல் மரியாச்சி’ படமும் 7000 டாலர் என்றுதான் புகழ்பெற்றது. அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்காக ரோட்ரிகஸ் மருந்துப் பரிசோதனையில் தன் உடம்பைக் கொடுத்தார் என்பதும், படத்தைத் திரையரங்குக்கு ஏற்றபடி தயார்செய்ய கொலம்பியா நிறுவனம் பல மடங்கு செலவழித்தது என்பதும் அந்த எண்ணுக்குள் அடங்கவில்லை.

‘ப்ரைமர்’ படத்தின் எண்ணுக்குள்ளும் பல விஷயங்கள் அடங்கவில்லை. நடித்தவர்களும் உதவியவர்களும் பெரும்பாலும் நண்பர்கள், குடும்பத்தினர். படத்தொகுப்பும் ஒலியுமாக ஏறக்குறைய இரண்டு வருடம் ஒரே ஆள் மல்லுக்கட்டினார், நடுவில் கைவிடும் நிலைக்கும் போனார். ஃபிலிம் வீணாகக் கூடாது என்பதால் ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே திட்டமிட்டு, பெரும்பாலும் ஒரே டேக்கில் எடுத்தார். அந்த உழைப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கூலி போட்டுப் பாருங்கள், 7000 எங்கே போய் நிற்கிறது என்று தெரியும். படம் மலிவானது என்று சொல்வதற்குப் பதில், கூலி கொடுக்கப்படாதது என்று சொல்லிப் பழகுவோம். நண்பர்களின் ராத்திரிகளில் ஓடிய கராஜ் பற்றிய படத்துக்கு நாம் தருகிற பாராட்டிலேயே அந்த ராத்திரிகளைக் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறோம். இந்த முரண் யாருக்கும் உறுத்துவதில்லை.

அந்தப் புகழால் படைப்பாளிக்கு என்ன கிடைத்தது? அமெரிக்கத் திரையரங்குகளில் படம் நாலு லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலே வசூலித்தது. முதலீட்டோடு ஒப்பிட்டால் பிரமாதம், ஹாலிவுட் கணக்கில் சில்லறை. அடுத்து அவர் எழுதிய ‘எ டோப்பியரி’ பெரிய படம். சோடர்பெர்க், ஃபிஞ்சர் போன்றவர்கள் பக்கத்தில் நின்றும் பணம் திரளவில்லை. 2013-இல் ‘அப்ஸ்ட்ரீம் கலர்’ படத்தை மறுபடியும் சிறிய அளவில் எடுத்து, விநியோகத்தையும் தானே செய்தார். இடையில் ஒன்பது வருடம். அதற்கப்புறம் அறிவித்த ‘தி மாடர்ன் ஓஷன்’ படமும் எடுக்கப்படவில்லை. குறைந்த பணத்தில் எடுத்ததற்காக ஒருவரைக் கொண்டாடினால், குறைந்த பணத்தில் எடுப்பவர் என்ற பெயர்தான் அவருக்கு மிஞ்சும். எண்ணைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

*

படத்தில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. கடைசி இருபது நிமிடம் மூச்சுவிட இடமில்லாமல் திணித்திருக்கிறது. உணர்ச்சி வந்து உட்கார வேண்டிய இடங்களில்கூட அடுத்த தகவல் வந்து தள்ளிவிடுகிறது. ஆரனின் மனைவி காராவும் ரேச்சலும் ஆட்களாக உருவாகவே இல்லை. யாருடைய ஃபிரிட்ஜ் பிடுங்கப்பட்டதோ, யாருடைய பரணில் சத்தம் கேட்டதோ, தன் பக்கத்தில் படுத்திருக்கும் கணவன் எந்தக் கணவன் என்று யாருக்குத் தெரியாதோ, அந்தப் பெண்ணின் பக்கம் கேமரா இரண்டு நிமிடம் நின்றிருந்தால் படம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கும். கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களில் முதல் ஆள் அவள்தான். இதைப் பற்றி ரசிகர்கள் எழுதியிருந்தால் சந்தோஷமாகப் படித்திருப்பேன். எத்தனையாவது ஆரன் என்பதிலேயே இருபது வருடம் போய்விட்டது.

முதல்முறை பார்க்கப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விளக்க வீடியோவைத் திறக்காதீர்கள், வரைபடத்தை யாராவது அனுப்பினால் அழித்துவிடுங்கள். கடைசியில் விமான நிலையத்தில் இரண்டு நண்பர்கள் பிரிகிறார்கள். ஏப் ஊரிலேயே தங்கிவிடுகிறான். அங்கே இன்னும் அப்பாவியாக இருக்கும் பழைய ஏபும் பழைய ஆரனும் அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிடாமல் மறைந்திருந்து கெடுப்பதுதான் இனி அவன் வேலை. தன்னையே காப்பாற்றத் தன் கராஜுக்கு வெளியே நிற்கிறான். ஆரனோ வேறு ஏதோ நாட்டில், பிரெஞ்சு பேசும் வேலையாட்களை வைத்து, ஒரு கிடங்கு அளவுக்குப் பெரிய பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறான். எந்த ஆரன், எத்தனையாவது என்ற கேள்வி அப்போது உங்களுக்கும் வரும். வரட்டும். அதைவிட நல்ல கேள்வி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது: அந்தப் பெரிய பெட்டிக்குள் அவனோடு போக இனி யார் மிச்சம்?